சொல்வதை எழுதுபவர்

உங்கள் கைக்கடிகாரத்தில் மணி என்ன? எட்டு முப்பத்தைந்தா? என்னுடையதில் எட்டு முப்பத்தேழு. இரண்டு நிமிடம் முன்னதாக வைத்துக்கொள்வது என் வழக்கம். ஆகவே உங்களுடையதும் சரிதான். இந்த நீடாமங்கலம் ரயில்வே கேட்டை மூடிப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகின்றன. அந்தச் சரக்கு ரயிலைப் பாருங்கள், நெல்மூட்டைகளை வைத்துக்கொண்டு நான்கு அடி முன்னால் போகிறது, மூன்று அடி பின்னால் வருகிறது. நம் பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கிவிட்டார். ஒன்பதரைக்குள் நான் தஞ்சாவூரில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போய்ப் பயனில்லை.

இல்லை, மருத்துவமனைக்கு இல்லை. என் வயதில் ஒருத்தி தஞ்சாவூருக்குப் போனால் மருத்துவமனைக்காகத்தான் இருக்கும் என்று நீங்களும் முடிவு செய்துவிட்டீர்கள். எல்லாரும் அப்படித்தான். கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு எழுபத்து நான்கு வயது. கண்ணாடி வாசிப்பதற்கு மட்டும். நடைக்குக் குறைவில்லை. காதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பெரிய அவமானம் அங்கேதான் நடந்தது.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கொரடாச்சேரிப் பக்கம் முப்பத்தெட்டு ஆண்டுகள். என் மீது ஒரு புகார் வந்தது, அம்மா. இந்த வயதில், எழுத்து மூலமான புகார். என்ன தவறு செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். நல்லது செய்தேன். அதற்குத்தான் புகார்.

தேர்வுக்கூடத்தில் ஒரு வேலை உண்டு. அதற்குப் பெயர் ‘சொல்வதை எழுதுபவர்’. பார்வை இல்லாதவர்கள், கையால் எழுத இயலாதவர்கள், விடையை வாயால் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாம் எழுத வேண்டும். சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமை அது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதலாகவும் உண்டு. அரசு வேலைக்குத் தேர்வு நடத்தும் அலுவலகம் ஒன்று, ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. பதினோரு ஆண்டுகளில் நான் இருபத்தாறு பேருக்கு எழுதியிருக்கிறேன். ஒருவராவது ஒரு குறை சொன்னதுண்டா? கிடையாது.

இருபத்தேழாவதாக வந்தவள் நித்யகலா.

போன ஆவணியில், தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் தேர்வு. அவளுக்கு இருபத்தாறு வயது. குடவாசல் பக்கத்து ஊர், தகப்பனார் கொத்தனார். பிறவியிலேயே பார்வை இல்லை. அவர்களுக்குத் தரைத்தளத்தில் அறை ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஒதுக்கியிருந்தது முதல் மாடியில். நுழைவாயிலில் சாய்தளம் கட்டியிருந்தார்கள். அதன் மேல் யாருடைய மோட்டார் சைக்கிளோ நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வு நாளில் போய் அலுவலர்களிடம் சண்டை போட முடியுமா? அவளுடைய மேற்கையைப் பிடித்து, வா அம்மா என்று படியேற்றினேன். இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டாள். நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கறேன் டீச்சர், நீங்க என்னைப் பிடிக்க வேண்டாம் என்றாள். எவ்வளவு ரோஷம் பாருங்கள். சரி என்று கையைக் கொடுத்தேன். ஆனால் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

உட்கார்ந்ததும் எனக்கு நிபந்தனை போடுகிறாள். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவாளாம். நான் எழுதி முடித்து ‘ம்’ என்று சொன்னால் அடுத்ததைச் சொல்வாளாம். நான் எத்தனை பேருக்கு எழுதியவள் என்பதை அவளுக்குச் சொன்னேன். “அதனால என்ன டீச்சர், எனக்கு இது முதல் தடவைதானே” என்று சிரித்தாள்.

கேட் திறக்கிறார்களா? இல்லை. அந்த மனிதர் சும்மா கைப்பிடியைத் துடைக்கிறார்.

முதல் பகுதி சிறுவினாக்கள். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். நல்ல படிப்பாளி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் பகுதி கட்டுரை, நாற்பது மதிப்பெண். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதில் அரசின் கொள்கைகளை ஆய்க. இதைவிட வாய்ப்பான கேள்வி வருமா, சொல்லுங்கள். எவ்வளவு திட்டங்கள்! உதவித்தொகை, கட்டணமில்லாப் பயணம், வேலையில் நான்கு விழுக்காடு ஒதுக்கீடு, கருவிகள், அடையாள அட்டை. வரிசையாகச் சொல்லி, நன்றியோடு முடித்தால் திருத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவார்.

இவள் என்ன சொன்னாள் தெரியுமா? “எங்களுக்கான சட்டத்தில் சொற்களுக்குக் குறைவில்லை. அது எங்கள் வீட்டு வாசல்வரை வருகிறது. அலுவலகத்தின் முதல் படியில் நின்றுவிடுகிறது.” இது முன்னுரை.

எனக்குப் பேனா ஓடவில்லை. நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவள். திருத்துகிறவர்களின் மனநிலை எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு அறுபது தாள் திருத்தி, கழுத்து வலித்து, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர், அரசு வேலை கேட்டு வந்தவளே அரசைக் குறை சொல்வதைப் படித்தால் என்ன செய்வார்? பதினெட்டுப் போடுவார். இந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும். அவளுக்கோ அது தெரியாது. உலகம் தெரியாத பெண்.

ஆகவே எழுதினேன்: ‘மாற்றுத்திறனாளிகளின் வாழ்வில் அரசு விளக்கேற்றி வைத்துள்ளது.’ எழுதி முடித்து ‘ம்’ என்றேன்.

அடுத்து, பேருந்துச் சலுகை அட்டையைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் மாடியேறிப் போய், தன் பார்வை இன்னும் திரும்பவில்லை என்று நிரூபிக்கிறாளாம். ‘கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம்’ என்று எழுதினேன். ‘ம்’.

நான்கு பக்கம், அம்மா. நாற்பத்தொரு வாக்கியம். அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்று எழுத, ஒவ்வொன்றுக்கும் ‘ம்’. அதை ஒரு சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். அவள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே, மனத்துக்குள் வேறொன்றை அமைத்து, அவள் நிறுத்துவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கண்காணிப்பாளர் வாசலில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை. மேலே ஒளிப்பதிவுக் கருவி இருந்தது. அதில் படம் பதிவாகும், பேச்சு பதிவாகாது என்று பிறகுதான் தெரிந்தது.

நடுவில் இரண்டு வாக்கியங்கள் வந்தன. “எனக்கு இரக்கம் காட்டுகிறவர்கள் என் மேற்கையைப் பிடித்து இழுக்கிறார்கள். படிக்கட்டில் ஒரு கைப்பிடி இருந்தால் யாரும் என்னைப் பிடிக்க வேண்டியதில்லை.” அன்று காலையில் படியில் நடந்ததையே, என்னிடமே எழுதச் சொல்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்காக நான் மாற்றவில்லை. முன்பிருந்தே மாற்றிக்கொண்டுதான் இருந்தேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மணி என்ன இப்போது? எட்டு நாற்பத்தாறு. ஓட்டுநர் இன்னும் வரவில்லை. ஒரு தேநீருக்கு இவ்வளவு நேரமா?

தையில் முடிவு வந்தது. தேர்ச்சிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. கட்டுரைக்கு நாற்பதுக்கு முப்பத்து மூன்று. நான் அந்தச் செய்தியை என் மருமகளிடம் சொல்லி மகிழ்ந்தேன். இரண்டு நாள் எனக்கு நல்ல தூக்கம். அவளே தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவள் வேறு வேலை செய்தாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்துத் தன் விடைத்தாளின் நகலை வாங்கினாள். தேர்வில் வென்றவள் எதற்கு விடைத்தாள் வாங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பிறகு விசாரணையில்தான் தெரிந்தது. பார்வையற்ற மாணவிகள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து படிக்கிறார்களாம். நல்ல மதிப்பெண் பெற்ற கட்டுரைகளை யாராவது வாசிக்க, கைப்பேசியில் பதிவு செய்து எல்லாரும் கேட்பார்களாம். இவள் கட்டுரைக்கு முப்பத்து மூன்று மதிப்பெண் என்றதும் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஒரு தோழி வாசித்திருக்கிறாள். நான்கு வரி வாசித்துவிட்டு அந்தத் தோழி, “என்னடி இது, மந்திரிக்கு மாலை போடப் போனியா, பரீட்சை எழுதப் போனியா?” என்று சிரித்தாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். நித்யகலா சிரிக்கவில்லை. அது என் கட்டுரை இல்லை என்றாளாம். யாரும் நம்பவில்லையாம்.

மாசி மாதத்தில் மனு கொடுத்துவிட்டாள். தனக்கு அந்த மதிப்பெண் வேண்டாம், தான் சொன்னது வேறு, தாளில் இருப்பது வேறு, விசாரிக்க வேண்டும் என்று. அந்தக் கடிதத்தின் நகல் என் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அதில் என்னை ‘மேற்படி எழுதுபவர்’ என்று குறிப்பிட்டிருந்தாள். பெயர்கூட இல்லை.

பங்குனியில் விசாரணை. அந்த அலுவலகத்தின் மண்டலக் கிளையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். விசாரணை அதிகாரி அருள்பிரகாசம், நித்யகலா, நான். ஓரத்தில் வாக்குமூலம் எழுத ஓர் உதவியாளர், பெயர் தியாகராஜன். அருமையான பையன் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து நாற்காலி போட்டார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

அதிகாரி என்னை நான்கு கேள்வி கேட்டார். நான் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். தியாகராஜன் எழுதிக்கொண்டே வந்தார். முடிந்ததும் தாளை என் முன்னால் வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவால் காட்டினார். நான் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தேன். அதில் என்ன இருந்தது தெரியுமா?

‘வயது முதிர்வின் காரணமாகவும், செவித்திறன் குறைவின் காரணமாகவும், மேற்படி தேர்வர் கூறியதைச் சரிவரக் கேட்க இயலாமல், எனக்குக் கேட்டவாறு எழுதிவிட்டேன். இதில் உள்நோக்கம் ஏதும் இல்லை.’

செவித்திறன் குறைவு! நான் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. இதை நான் சொன்னேனா என்று கேட்டேன். அவர் குனிந்து என் காதருகே வந்து, உரத்த குரலில், நான் செவிடு என்றே நினைத்துக்கொண்டு, “நீங்க சொல்லலம்மா, நான்தான் உங்களுக்கு நல்லதா எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்புங்க. உங்களுக்கும் ஒண்ணும் வராது, அந்தப் பொண்ணுக்கும் வேலை போகாது” என்றார்.

என் வாயில் நான் சொல்லாத சொல்லை வைக்க அவர் யார்? நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்காமல், எனக்கு எது நல்லது என்று அவர் எப்படி முடிவு செய்யலாம்? எழுதச் சொன்னதை எழுத வேண்டியதுதானே அவர் வேலை?

அதிகாரிக்கும் அந்த வாக்குமூலம் பிடித்திருந்தது. கோப்பை மூடிவிடலாம் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. தவறுதலாக நடந்தது என்றால் மதிப்பெண் அப்படியே நிற்கும், பணி ஆணை கொடுத்துவிடலாம் என்று நித்யகலாவிடம் சொன்னார். தனக்கு ஆட்சேபணை இருக்கிறது என்றாள் அவள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார், வேலைதான் கிடைக்கிறதே அம்மா, இன்னும் என்ன என்று.

“நான் எழுதாத பரீட்சையில கிடைக்குது சார்” என்றாள்.

சரி, உன் கட்டுரை வேறு என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அவளிடம் ஆதாரம் ஏது? ஒளிப்பதிவில் ஒலி இல்லை. கண்காணிப்பாளர் எல்லாம் முறைப்படி நடந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார். தியாகராஜன் மறுபடியும் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

நான் சொன்னேன், எனக்குச் செவித்திறன் குறைவு இல்லை என்று. அதிகாரி, பரவாயில்லை அம்மா, வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்.

அப்போதுதான் சொல்லத் தொடங்கினேன். ஆவணி மாதத்தில் அந்த அறையில் அவள் சொன்ன கட்டுரையை, முதல் வாக்கியத்திலிருந்து. “எங்களுக்கான சட்டத்தில் சொற்களுக்குக் குறைவில்லை...” நாற்பத்தொரு வாக்கியமும் சொன்னேன். ஏழு மாதம் கழித்து, ஒரு சொல் தவறவில்லை. கைப்பிடியைப் பற்றிய வாக்கியத்தையும் விடவில்லை. “கொள்கை என்பது ஒரு வாக்குறுதி. கொடுத்த வாக்குறுதியைக் கேட்டு வாங்குகிறவளை யாசகம் கேட்பவளாக நடத்தாதீர்கள்” என்று முடித்தேன். அதுதான் அவளுடைய முடிவுரை. செவிடான ஒருத்தியால் இதைச் செய்ய முடியுமா?

தியாகராஜனின் பேனா நின்றுவிட்டது. நித்யகலா தலையைக் குனிந்துகொண்டு, நான் சொல்லச் சொல்ல உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கணம் என் வகுப்பறையில் நிற்பது போலத்தான் இருந்தது.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். “அப்ப தெரிஞ்சேதான் மாத்தினீங்களா?”

“தெரியாமல் நான் எதையும் செய்வதில்லை” என்றேன்.

“இதுக்கு முன்னாடி எழுதினவங்களுக்கும் இப்படித்தானா?”

“தேவைப்பட்டவர்களுக்கு மட்டும்.”

அதிகாரி தியாகராஜனிடம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுக்கச் சொன்னார். இந்த முறை நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டது. வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். என் காதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வென்றுவிட்டேன் என்றுதான் எழுந்தேன்.

என்ன வென்றேன்? பதினைந்து நாளில் ஆணை வந்தது. பட்டியலிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டது. முன்பு நான் எழுதிய இருபத்தாறு பேரின் தாள்களையும் எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். நித்யகலாவின் கட்டுரைப் பகுதி செல்லாது. மறுதேர்வு. அவளுக்காக ஓரிடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுதேர்வில் இருபத்தொன்பது மதிப்பெண்ணாவது வாங்கினால் அந்த இடம் அவளுக்கு. ஒன்று குறைந்தாலும் அடுத்தவருக்குப் போய்விடும். அவளுக்கு அரசு வேலைக்கு வயது வரம்பு இருக்கிறது, அம்மா, தகப்பனாருக்கு இடுப்பு ஒடிந்து சாரம் ஏற முடிவதில்லை. கையில் இருந்த வேலை. முப்பத்து மூன்று மதிப்பெண். அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மறுபடியும் யாரோ ஒரு முகம் தெரியாத ஆளின் பக்கத்தில் போய் உட்காருகிறாள்.

இன்றுதான் மறுதேர்வு. ஒன்பதரைக்கு உள்ளே அழைத்துவிடுவார்கள்.

இல்லை, இல்லை. நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரியும். மன்னிப்புக் கேட்கப் போகிறீர்களா என்கிறீர்கள். மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அது நல்ல கட்டுரை. முப்பத்து மூன்று வாங்கிய கட்டுரை. நான் போவது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, நடைவழியில் சுவரைத் தொட்டுக்கொண்டு எனக்காக நின்றிருந்தாள். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டீச்சர் என்றாள். கோபமாகச் சொல்வாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அன்னைக்கு எழுதி முடிச்சதும் வாசிச்சுக் காட்டச் சொன்னேனே டீச்சர். நீங்க வாசிச்சது எதை?”

இதை அதிகாரி கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. மனுவிலும் அவள் எழுதவில்லை. எனக்கு நான்கு மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பேருந்து ஐந்து மணிக்குத்தான்.

மணி எட்டு ஐம்பத்தெட்டா? போகட்டும். இனி முடியாது. கேட்டைத் திறந்தாலும் இங்கிருந்து ஒரு மணி நேரம். நான் முதல் வண்டிக்கே வந்திருக்க வேண்டும். முதல் வண்டி என் கண் முன்னால்தான் புறப்பட்டது. ஏறவில்லை. குடை எடுக்கவில்லை என்று வீட்டுக்குத் திரும்பினேன். வைகாசி வெயிலுக்குக் குடை வேண்டாமா? ஆனால் குடை கையில்தான் இருந்தது.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டுவது விதி. தேர்வர் கேட்டால் வாசித்தே ஆக வேண்டும். அவள் கேட்டாள். என் கையில் இருந்த தாளில் விளக்கும் வரப்பிரசாதமும் கருணை உள்ளமும் இருந்தன. நான் அந்தத் தாளைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு, அவள் சொன்ன நாற்பத்தொரு வாக்கியத்தையும் நினைவிலிருந்து சொன்னேன். வாசிப்பது போல. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி. அவள் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அவள் முகம்... நான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்திருக்கிறேன், அம்மா. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. “நான் சொன்னதுதானா இது, நீங்க வாசிச்சா எவ்வளவு நல்லா இருக்கு டீச்சர். ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்” என்றாள்.

சரி என்றேன். தாளை மடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

விசாரணையில் அத்தனை வாக்கியமும் எப்படி நினைவில் இருந்தது என்று எல்லாரும் வியந்தார்கள். ஒரு முறை கேட்டதால் மட்டுமா அது நினைவில் நின்றது? அவளிடம் ஒரு முறை சொல்லியும் இருந்தேனே.

அவளுடைய தொலைபேசி எண் மனுவில் இருக்கிறது. மூன்று முறை எண்ணை அழுத்தி மூன்று முறையும் நிறுத்திவிட்டேன். இப்படிப்பட்டதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். நேரில் சொல்ல வழி இல்லை இப்போது. உள்ளே போகும்போது கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள்.

நீங்கள் சற்று அந்தப் பக்கம் பாருங்கள். இல்லை, பரவாயில்லை, இருங்கள்.

எண்ணை அழுத்திவிட்டேன். அங்கே மணி அடிக்கிறது.

நித்யகலா? மரகதவல்லி டீச்சர் பேசுகிறேன். நீ உள்ளே போய்விட்டாயா? வாசலிலா? சரி. பங்குனியில் நீ என்னை ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அன்று நான் வாசித்தது தாளில் இருந்ததை இல்லை. நீ சொன்னதைத்தான். நினைவிலிருந்து சொன்னேன். தாளில் வேறு இருந்தது. ஆம். தெரிந்துதான். நீ ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றபோதும் தெரியும்.

இன்னும் ஒன்று. இன்று உனக்கு எழுதுகிறவரை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லாதே. நடுப்பக்கத்தில் ஏதாவது ஒரு வரியிலிருந்து வாசிக்கச் சொல். நினைவிலிருந்து சொல்கிறவர்களால் அது...

சரி.

சரி அம்மா. சரி.

வைத்துவிட்டாள்.

நான் சொன்னது அவளுக்கு முன்பே தெரியும், அம்மா. தேர்வன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது இல்லை, தோழி அந்தத் தாளை வாசித்த நாளில் யோசித்தாளாம். நான் நான்கு பக்கம் வாசித்தேனே, தாள் புரளும் சத்தம் ஒரு முறையாவது கேட்டதா என்று. கேட்கவில்லையாம். நான் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

தெரியும் என்றால் பிறகு எதற்கு என்னை நிறுத்தி வைத்துக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

“நீங்க சொல்லணும்னுதான் டீச்சர் கேட்டேன்.”

வேறொன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லவில்லை. நடுப்பக்கத்திலிருந்து கேட்கச் சொன்னதற்கு, அதை நான் பார்த்துக்கறேன் டீச்சர், நேரமாச்சு என்றாள்.

கேட்டைத் தூக்குகிறார்கள். ஓட்டுநரும் வந்துவிட்டார். இனி இவருக்கு என்ன அவசரமோ, இப்படி ஒலிப்பானை அழுத்துகிறார்.

இன்று அவளுக்கு எழுதப்போவது யாரென்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.